எத்தனை மணி நேரம் படித்தால் போதும்? ஒரு தாயாருக்குப் பதில்

அன்புள்ள அம்மையீர்,

விடுமுறை நாள்களில் அண்டை வீட்டுப் பிள்ளை மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் பத்து மணி நேரம் படிப்பதாகவும், தங்கள் மகன் இரண்டு மணி நேரத்தில் எழுந்துவிடுவதாகவும், ஆகவே நடுவாக ஆறு மணி நேரம் என்று வரையறுத்துவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த மூன்று எண்களையும் கண்டதும் எனக்குப் பண்டைக் கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்டாட்டில் நினைவுக்கு வந்தார். ஏனெனில் ‘நிகோமாக்கிய அறவியல்’ நூலின் இரண்டாம் பகுதியில் அவர் இதே எண்களைக் கொண்டுதான் அளவு என்பதை விளக்குகிறார். ஒருவருக்குப் பத்து மினா (மினா என்பது பழைய கிரேக்க எடையளவு) உணவு மிகுதி, இரண்டு மினா குறைவு என்பதனால், பயிற்சியாளர் எல்லோருக்கும் ஆறு மினா என்று விதித்துவிட மாட்டார்; பெயர்பெற்ற மற்போர் வீரன் மைலோவுக்கு அது போதாது, பயிற்சியைத் தொடங்குபவனுக்கோ அது அதிகம். கூட்டி இரண்டால் வகுத்து வருவது கணக்கின் நடு. வாழ்க்கையில் நாம் தேடவேண்டிய நடு ஆளுக்கு ஆள் மாறும் என்பது அவர் முடிவு.

அளவோடு இருப்பதென்றால் சுமாராகப் படிப்பது என்று தயவுசெய்து எண்ணிவிடாதீர்கள். கோழைத்தனத்துக்கும் கண்மூடித்தனமான துணிச்சலுக்கும் நடுவில் இருக்கும் வீரத்தை, சிறப்பின் நோக்கில் பார்த்தால் அதுவே உச்சம் என்றுதான் அவர் கருதினார். வீடு கட்டிக் கட்டியே ஒருவர் கட்டடக் கலைஞர் ஆவதுபோல நற்பண்பும் பழக்கத்தால் வருவது என்றும், கோணிய மரத்தை நிமிர்த்துபவர்கள் எதிர்ப்பக்கம் வளைப்பதுபோல நம் மனம் சாயும் பக்கத்திலிருந்து நம்மை விலக்கி இழுக்கவேண்டும் என்றும் சொன்னார். எனவே எடுத்த எடுப்பில் ஆறு மணி நேரம் வேண்டாம். இரண்டைச் சற்றே தாண்டி மூன்று மணி நேரம், நாள்தோறும் ஒரே வேளையில், இரண்டு வாரம் உட்காரட்டும். எந்தப் பாடத்தில் எழுந்துவிடுகிறான், மறுநாள் எவ்வளவு நினைவில் நிற்கிறது என்பதை அவனே ஒரு குறிப்பேட்டில் எழுதிவரட்டும். தூக்கத்தில் மட்டும் கைவைக்காதீர்கள்.

இன்னொன்றையும் கேட்கவேண்டியிருக்கிறது. அரிஸ்டாட்டிலின் தந்தை மக்கதோனிய அரசரின் மருத்துவர். மகனோ பதினேழு வயதில் ஏதென்சுக்குச் சென்று பிளாட்டோவின் கல்விக்கழகத்தில் சேர்ந்து இருபது ஆண்டுகள் அங்கேயே இருந்தார். தங்கள் நீண்ட கடிதத்தில் மருத்துவப் படிப்பைப் பற்றி மகன் என்ன நினைக்கிறான் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அவனுடைய அளவை அவனிடமிருந்துதான் அறியமுடியும். இரண்டு வாரம் கழித்து அந்தக் குறிப்பேட்டுடன் அவனையும் அழைத்து வாருங்கள்.