விண்ணப்பக் கட்டுரையில் அரைப்புள்ளி

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கான காமன் ஆப் (பொது விண்ணப்பம்) கட்டுரையில் என் மகள் வரிக்கு வரி அரைப்புள்ளியும் வியப்புக்குறியும் இட்டிருக்கிறாள், இது மதிப்பைக் கூட்டுமா?

பதில்: கூட்டாது. 650 சொற்களுக்குள் அடங்க வேண்டிய அக்கட்டுரையில் உணர்ச்சியைச் சொற்களே சுமக்க வேண்டும் என்பதால், வியப்புக்குறி ஒன்றுகூட இல்லாவிட்டாலும் குறையில்லை. தனித்து நிற்கக்கூடிய இரு வாக்கியங்களைப் பொருள் நெருக்கம் கருதி இணைக்குமிடத்தில் மட்டும் அரைப்புள்ளியை வைத்துக்கொள்ளலாம்; அங்கே வெறும் காற்புள்ளி இடுவது ஆங்கிலத்தில் பிழையாகக் கருதப்படும். பிரித்தானிய வழக்கில் பழகிய நம் மாணவர்கள் அதிகம் தடுமாறுவது மேற்கோளில்தான்: அமெரிக்க வழக்கில் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் மேற்கோள்குறிக்கு உள்ளேயே வரும். பிரிட்டனின் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூகாஸ் விண்ணப்பத்தின் தன்விளக்கப் பகுதியிலோ எழுத்து, இடைவெளி, நிறுத்தற்குறி எல்லாம் சேர்த்தே 4,000 என்ற வரம்பு கணக்கிடப்படுவதால், தேவையற்ற குறியும் இடத்தைத் தின்றுவிடும்.