பாரோ விட்டுப்போன நாற்காலி

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐசக் பாரோ தன் மாணவன் நியூட்டனுக்காகக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பதவியையே விட்டுக்கொடுத்தார் என்று படித்துக் கண் கலங்கினேன். இன்று அப்படி ஓர் ஆசிரியர் உண்டா? நுண்கணிதத்தில் அவர் பங்கு என்ன? கடற்கொள்ளையரோடு சண்டை போட்டது உண்மையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கொள்ளையர் கதை இருக்கட்டும். கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு விதிமுறையைப் படியுங்கள். முதலில், நியூட்டன் பாரோவின் சொந்த மாணவரே அல்ல. கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் நியூட்டனுடைய டியூட்டர், அதாவது பொறுப்பாசிரியர், பெஞ்சமின் புல்லீன்.

நீங்கள் சொல்லும் அந்தக் கணிதப் பேராசிரியர் பதவி, அதாவது லூகாசியன் பதவி, 1663-இல் ஹென்றி லூகஸ் விட்டுச்சென்ற சொத்தில் உருவானது. அப்போது ஆண்டுக்குச் சுமார் 100 பவுண்டு வருமானம். பருவம் நடக்கையில் வாரம் ஒரு விரிவுரை. ஆண்டுக்குக் குறைந்தது பத்து விரிவுரைகளை எழுதித் துணைவேந்தரிடம் தர வேண்டியிருந்தது. இன்னொரு நிபந்தனையும் இருந்தது: பதவியில் இருப்பவர் திருச்சபைப் பணியில் இறங்கக் கூடாது. பாரோவோ குருப்பட்டம் பெற்றவர். இறையியலே என் படிப்பின் இலக்கு என்று உறுதிமொழி கொடுத்துத்தான் அன்று டிரினிட்டியில் ஃபெலோ, அதாவது கல்லூரியின் நிலையான அறிஞர் உறுப்பினர், ஆக முடிந்தது. ஆறு ஆண்டு வடிவியலும் ஒளியியலும் நடத்திய மனிதரை அந்த உறுதிமொழி உறுத்தியது. 1669-இல் விலகினார். அடுத்த ஆண்டே அரசரின் சிற்றாலய குரு, 1673-இல் டிரினிட்டியின் தலைவர், அதாவது மாஸ்டர். இதைத் தியாகம் என்றால் பதவி உயர்வை என்னவென்பீர்கள்? தகுதியானவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார், அது பெரிய குணம். அதற்கு மேல் ஏற்றாதீர்கள்.

வேடிக்கை அதன் பிறகுதான். எம்.ஏ. முடித்து ஏழு ஆண்டுக்குள் ஃபெலோக்கள் குருப்பட்டம் பெற்றாக வேண்டியிருந்தது. நியூட்டனுக்குக் கெடு 1675. அவருக்கு மனமில்லை. பேராசிரியருக்குத்தான் திருச்சபைப் பணி கூடாதே, பிறகு பட்டம் எதற்கு என்று வாதாடினார். இரண்டாம் சார்லஸ் விலக்களித்தார், பின்னால் வருபவர்களுக்கும் சேர்த்து. பாரோவுக்குக் குறுக்கே நின்ற விதி நியூட்டனுக்குக் குடையானது. அப்போது கல்லூரி மாஸ்டர் பாரோதான்.

அழத்தான் வேண்டுமென்றால் இதற்கு அழுங்கள்: மாஸ்டர் நியமனத்தில் திருமணத்துக்கு அரசர் தந்திருந்த அனுமதியை, கல்லூரி விதிக்கு முரண் என்று பாரோவே நீக்கச் சொன்னார்.

நுண்கணிதமா? 1670-இல் வந்த பாரோவின் 'வடிவியல் விரிவுரைகள்' நூலில் பத்தாவது விரிவுரையின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். வளைவில் மிக அருகருகே இரண்டு புள்ளிகள். அவற்றின் கிடை, குத்து இடைவெளிகளை வளைவின் சமன்பாட்டில் சேர்க்கிறார். இடைவெளியே வராத உறுப்புகளை அடிக்கிறார்; வர்க்கமாகவோ ஒன்றோடொன்று பெருகியோ வருபவற்றையும் அடிக்கிறார். மிஞ்சுவதிலிருந்து கிடைக்கும் விகிதம் தொடுகோட்டைக் காட்டும்; நுண்கணிதத்தில் வகையீடு செய்யும் வேலையும் இதுதான். இதைச் சேர்க்கலாமா என்று அவருக்கே தயக்கம். நண்பர் ஒருவர் சொன்னதால் சேர்த்ததாகக் குறிக்கிறார். அந்த நண்பர் நியூட்டன்தான் என்பது பலர் கருத்து.