டிரெஸ்டனிலிருந்து வரும் சனிக்கிழமைப் படங்கள்: ஈரோட்டுத் தாயார் ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா,

இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், பரிமாற்ற மாணவியாக ஒரு பருவம் படிக்க ஜெர்மனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றிருப்பதை எழுதியிருந்தீர்கள். சனிக்கிழமை தவறாமல் மலை, ஆறு, கோட்டை என்று அவர் அனுப்பும் படங்களைப் பார்த்து, "படிக்கப் போனாளா, ஊர் சுற்றப் போனாளா?" என்று உங்கள் கணவர் கேட்பதையும் குறிப்பிட்டிருந்தீர்கள். கடன் வாங்கி அனுப்பிய வீட்டில் இந்தக் கேள்வி எழாமல் இருந்தால்தான் வியப்பு. அந்தப் படங்களைக் கண்டு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை படத்தில் வராத வேறு சில காரியங்கள்.

முதலில் அங்குள்ள வாரம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். நம் கல்லூரிகளைப் போலக் காலை முதல் மாலை வரை வகுப்பு இருக்காது. பெரும்பாலான விரிவுரைகளில் வருகைப் பதிவு எடுப்பதில்லை. மாதந்தோறும் உள்தேர்வு வைப்பதும் இல்லை. பருவ முடிவில் எழுதும் ஒரே தேர்வுதான் பல பாடங்களில் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கிறது. பாடத்தின் சுமையை அளக்கும் அலகான 'கிரெடிட்' ஒன்றுக்கு 30 மணி நேர உழைப்பு என்பது ஜெர்மன் பல்கலைக்கழகங்களின் கணக்கு. ஒரு பருவத்துக்கு உரிய முழுச் சுமையான 30 கிரெடிட்டுக்கு அது 900 மணி நேரம் ஆகிறது. அதில் வகுப்பறையில் கழிவது சிறு பகுதியே. மிச்ச நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் பொறுப்பு முழுவதும் மாணவியின் தலையில் விழுகிறது. பள்ளியிலும் கல்லூரியிலும் மணியடித்து நடத்தப்பட்ட பிள்ளைகளுக்கு இதுவே பெரிய சோதனை.

வீட்டு நிர்வாகமும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும். சனிக்கிழமை இரவுக்குள் அரிசியும் பாலும் காய்கறியும் வாங்கி வைக்காதவர், பெரிய ரயில் நிலையத்துக்குள் திறந்திருக்கும் கடையைத் தேடிப் போக வேண்டும். இரவு பத்து மணிக்கு மேலும் ஞாயிறு முழுவதும் அமைதி காக்க வேண்டும் என்பதால், அந்நேரத்தில் சட்னிக்கு மிக்ஸியை ஓட்டினால் பக்கத்து அறைக்காரர் வந்து கதவைத் தட்டக்கூடும். மதிய உணவுக்கு 'மென்சா' என்னும் மாணவர் உணவகம் இருக்கிறது. சைவ உணவு அங்கே கிடைக்கும், குழாய்த் தண்ணீரைத் தயக்கமின்றிக் குடிக்கலாம். சாப்பாட்டைப் பற்றி நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நான் உண்மையில் அஞ்சுவது இருட்டுக்குத்தான். டிசம்பரில் அங்கே காலை எட்டு மணி வாக்கில் விடிந்து மாலை நான்கு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். என்னிடம் ஆலோசனை பெற்றுச் சென்ற பிள்ளைகளில் மிகவும் துன்பப்பட்டவர் ஊர் சுற்றியவர் அல்லர். பணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று நவம்பர் முதல் ஜனவரி வரை அறையை விட்டு வெளியே போகாமல், பேச ஆளில்லாமல், தூக்கம் முறைமாறி, பிப்ரவரித் தேர்வுக்கு உட்காரத் தெம்பில்லாமல் போன ஒரு மாணவர்தான். அவருடைய பெற்றோரும் நானும் அவர் விழுந்து விழுந்து படிக்கிறார் என்றே நம்பிக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து, வாரத்தில் ஒரு நாள் வெயில் இருக்கும்போதே நாலு பேரோடு வெளியே போய் வர வேண்டும் என்பதைப் படிப்புத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே எழுதிக் கொடுக்கிறேன்.

செலவும் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இருக்காது. ஜெர்மனி முழுவதும் உள்ளூர்ப் பேருந்து, டிராம், வட்டார ரயில்களில் செல்லும் மாதச் சீட்டு ஒன்று 2023 மே மாதம் 49 யூரோவுக்கு அறிமுகமானது. 2025-இல் அது 58 யூரோ ஆனது. பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு அது 60 விழுக்காட்டு விலையில், பருவக் கட்டணத்தோடு சேர்த்தே தரப்படுகிறது. அதிவேக ரயில்களில் அது செல்லாது. ஆனால் உங்கள் மகள் படம் அனுப்பிய பாஸ்டைப் பாறைகளுக்கு ரயிலில் போக அதுவே போதும். டிரெஸ்டனில் எஸ்-1 என்னும் வட்டார ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள், அந்தப் பாறைகளின் அடியில் உள்ள ராத்தன் என்ற ஊர் வந்துவிடும். அங்கே எல்பே ஆற்றைக் கடக்க ஒரு படகு இருக்கிறது. ஆற்றில் நங்கூரமிட்ட கம்பிவடத்தில் கட்டப்பட்டு, எஞ்சின் இல்லாமல் நீரோட்டத்தின் தள்ளுவிசையாலேயே அது அக்கரை சேர்கிறது. காவிரியில் பரிசல் பார்த்து வளர்ந்த ஓர் இயந்திரவியல் மாணவி, அதன் முன் பத்து நிமிடம் நின்று விசைகளைப் படமாக வரைந்து பார்த்தால் அதுவும் பாடம்தான்.

எனவே பயணத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். திசையை மட்டும் சற்றுத் திருப்பச் சொல்லுங்கள். ஐந்து மாதத்தில் பன்னிரண்டு நாடு என்று கணக்குக் காட்டும் பயணங்களை நான் ஆதரிப்பதில்லை. இரவுப் பேருந்தில் உடம்பு கெடும், திங்கட்கிழமை வகுப்பு போகும், மனத்தில் எதுவும் தங்காது. அதே மாதச் சீட்டில் மேற்கே செல்லும் வட்டார ரயிலில் ஏறினால், 1765-இல் சுரங்கவியல் கல்விக்கூடம் தொடங்கப்பட்ட ஃபிரைபெர்க் வருகிறது. இன்னும் போனால் ஸ்விக்காவ். ஆடி கார் நிறுவனம் 1909-இல் பிறந்ததும், கிழக்கு ஜெர்மனியின் டிராபான்ட் கார் 1991 வரை தயாரானதும் அந்த ஊரில்தான். பழைய தொழிற்சாலை வளாகத்தில் ஆகஸ்ட் ஹோர்ஷ் அருங்காட்சியகம் இருக்கிறது. வாகனத் துறைக்குப் போக விரும்பும் பெண் இதைப் பார்க்காமல் திரும்பினால் எனக்கு வருத்தமாக இருக்கும். பின்னாளில் வேலை நேர்முகத்தில் "வெளிநாட்டில் என்ன கற்றீர்கள்?" என்ற கேள்வி வரும்போது, பார்த்த நாடுகளின் பெயரைச் சொல்வதைவிட, அங்கே பார்த்த ஓர் இயந்திரத்தைப் பற்றி ஐந்து நிமிடம் தெளிவாகப் பேசுவது பெரிதும் உதவும்.

பாதுகாப்பைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். குடியேறிகளை எதிர்க்கும் பெகிடா என்ற இயக்கம் 2014-இல் தொடங்கியது டிரெஸ்டனில்தான். அதனால் ஊரே பகையானது என்று பொருளில்லை. ஆயினும் ஊர்வலமோ ஆர்ப்பாட்டமோ நடக்கும் இடத்தில் நிற்காமல் விலகிச் செல்வது, கடைசி ரயிலுக்காகக் காத்திராமல் அதற்கு முந்தைய ரயிலில் திரும்புவது, காவல்துறைக்கு 110, ஆம்புலன்ஸுக்கு 112 என்பதை மனப்பாடமாக வைத்திருப்பது ஆகிய மூன்றும் வழக்கமாகிவிட வேண்டும். செக் நாட்டின் தலைநகர் பிராகு, டிரெஸ்டனுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைத் தொடங்கியிருப்பதால், ஒரு நாள் பயணமானாலும் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும்.

இனி, படத்தில் வராத காரியங்களுக்கு வருகிறேன். அங்கே தேர்வு எழுத, பாடத்துக்குப் பெயர் கொடுத்தால் மட்டும் போதாது. பல துறைகளில் தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், அதற்கான கடைசி நாள் டிசம்பரிலோ ஜனவரியிலோ வந்துவிடும். நன்றாகப் படித்தும் இந்த ஒரு தேதியைத் தவறவிட்டுக் கிரெடிட்டை இழந்தவர்களை எனக்குத் தெரியும். அடுத்தது, புறப்படும் முன் ஒப்புதல் பெற்ற பாடப் பட்டியலில் அங்கே போய் ஏதேனும் மாற்றியிருந்தால், அந்த மாற்றத்துக்கு இங்குள்ள கல்லூரியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். தொலைபேசியில் "சரிம்மா" என்று பேராசிரியர் சொன்னது மதிப்பெண் மாற்றும் நாளில் உதவாது. மூன்றாவதாக, அங்கே தேர்வுகள் பிப்ரவரி முழுவதும் நடக்கும். இங்கே அதற்குள் அடுத்த பருவம் தொடங்கியிருக்கும். தாமதமாகச் சேர்வதற்கும் வருகைப் பதிவு விலக்குக்கும் இப்போதே கடிதம் எழுதி வாங்கச் சொல்லுங்கள். மதிப்பெண் 1.3 என்று வந்தால் பதறாதீர்கள், அங்கே 1.0 என்பதே மிக உயர்ந்தது, 4.0 வரை தேர்ச்சி.

தினமும் காலை ஆறு மணிக்கு அழைப்பதாக எழுதியிருந்தீர்கள். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வேறுபாடு. அப்போது அங்கே நள்ளிரவு ஒன்றரை. ஞாயிறு இரவு எட்டு மணிக்கு அழையுங்கள். அங்கே பிற்பகல் மூன்றரை, கடையும் கிடையாது, வகுப்பும் கிடையாது, பொறுமையாகப் பேசுவார்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் தோழிகளோடு பாரிஸ் போக அனுமதி கேட்டிருக்கிறாராம். போகட்டும். ஜெர்மனியின் நீண்டகால விசாவோ வசிப்பு அனுமதியோ செல்லுபடியாக இருந்தால், ஷெங்கன் நாடுகளில், அதாவது தங்களுக்குள் எல்லைகளைத் திறந்துவிட ஒப்பந்தம் செய்துகொண்ட ஐரோப்பிய நாடுகளில், 180 நாளில் 90 நாள் வரை பயணம் செய்யலாம். லண்டனுக்கு அது செல்லாது. சம்மதம் சொல்லும் முன் அவரிடம் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள்: விசா எந்தத் தேதி வரை இருக்கிறது, தேர்வுப் பதிவு முடிந்ததா?