மாத்திரையை பாதியில நிறுத்திட்டேன் மேடம்

கேள்வி: எனக்கு 29 வயசு, வியாசர்பாடி. முதல் குழந்தை 31வது வாரத்துலயே பொறந்து ஒரு மாசம் என்ஐசியுல, அதான் பச்சக்குழந்தைங்க ஐசியுல இருந்துச்சு. இப்போ 22 வாரம், ஹை ரிஸ்க்னு சொல்லியிருக்காங்க. பத்து நாளா தண்ணி மாதிரி வெள்ளைப்படுது, மீன் வாடை வேற. டெஸ்ட் பண்ணிட்டு மெட்ரோனிடசோல் 500 மில்லிகிராம் ரெண்டு வேளை 7 நாளைக்கு எழுதினாங்க. மூணு நாள்ல வாயெல்லாம் இரும்பு ருசி, அத்தையும் வயித்துப் பிள்ளைக்கு ஆன்டிபயாடிக் ஆகாதுன்னு சொல்ல, நிறுத்திட்டேன். மறுபடி போடலாமா?

பதில்: ஒரு குழந்தைய கண்ணாடிப் பெட்டிக்குள்ள பார்த்தவங்கம்மா உங்க அத்தை, பயம் இருக்கத்தான் செய்யும். ஆனா இந்த மாத்திரை பல வருஷமா கர்ப்பிணிகளுக்கு குடுக்கறதுதான், இதனால குழந்தைக்கு ஊனம் வருதுன்னு ஆய்வுகள்ல தெரியல. இரும்பு ருசி இந்த மருந்தோட குணம், சாப்பிட்டுட்டு போட்டா குமட்டல் கொஞ்சம் அடங்கும். விட்ட இடத்துலருந்தா முதல்லருந்தான்னு இன்னைக்கே உங்க டாக்டருக்கு போன் போட்டு கேளுங்க, ஒத்துக்கவே இல்லன்னா கிளிண்டாமைசின்னு வேற ஆன்டிபயாடிக் இருக்கு.

நீங்க சொல்றத வெச்சுப் பார்த்தா இது பாக்டீரியல் வஜைனோசிஸ். அங்க எப்பவும் இருக்கற லாக்டோபேசில்லஸ்ங்கற நல்ல கிருமி குறைஞ்சு மத்ததெல்லாம் பெருகிடும், அமிலம் குறைஞ்சு, அத அளக்கற பிஎச் 4.5ஐ தாண்டிடும், நர்ஸ் ஒரு சின்ன காகிதத்துல தொட்டு கலர் பார்த்திருப்பாங்களே அது இதுக்குத்தான். தயிர் மாதிரி திப்பி திப்பியா, அரிப்போட வந்தா அது பூஞ்சை, அதுக்கு மருந்தே வேற.

இது இருக்கறவங்களுக்கு குறைப்பிரசவம் அதிகம்ங்கறது உண்மை. ஆனா மாத்திரை போட்டா குறைப்பிரசவம் வராதுன்னு நான் உறுதி குடுக்க மாட்டேன், 2018ல வந்த பிரான்ஸ் ஆய்வுல ரிஸ்க் கம்மியான பெண்களுக்கு கிளிண்டாமைசின் குடுத்தும் ரொம்ப சீக்கிரமா பொறக்கறது குறையல, உங்கள மாதிரி ஏற்கனவே சீக்கிரம் பிரசவமானவங்க விஷயத்துல ஆய்வுகள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல. உங்களுக்கு தொந்தரவு இருக்கு, அது தீரணும், அதுக்கே இந்த மருந்து. குறைப்பிரசவத்துக்குன்னு தனியா, கர்ப்பப்பை வாய் நீளம் பார்க்கற ஸ்கேன் எடுத்தாச்சா, புரோஜெஸ்டிரான்ங்கற ஹார்மோன் மருந்து வேணுமான்னு கேளுங்க, 24 வாரத்துக்குள்ள பார்க்கறதும்மா அது, தள்ளிப்போடாதீங்க.

மெடிக்கல் ஷாப்ல போய் வெள்ளைப்படுதுன்னு சொன்னா மூணு மருந்து சேர்ந்த கிட் எடுத்து நீட்டுவாங்க, வாங்கவே வாங்காதீங்க, அதுல இருக்கற ஃப்ளூகோனசோல்ங்கற பூஞ்சை மாத்திரைய கர்ப்பத்துல தவிர்க்கணும். டெட்டால் ஊத்தி உள்ள கழுவறதும் வேண்டாம், மிச்சம் இருக்கற நல்ல கிருமியும் போயிடும்.

தண்ணி உடைஞ்ச மாதிரி கசிஞ்சாலோ, ரத்தம் பட்டாலோ, இடுப்பு விட்டு விட்டு வலிச்சாலோ விடியட்டும்னு படுத்திருக்காதீங்க, 108க்கு அடிச்சு ராயபுரமோ எழும்பூரோ, அரசு பிரசவ ஆஸ்பத்திரிக்கு உடனே போயிடுங்க, ஸ்கேன் ரிப்போர்ட்டெல்லாம் ஒரே பையில போட்டு கதவு பக்கத்துலயே மாட்டி வைங்க.