ஒரே பெயரில் இரண்டு ‘சீஹார்ஸ்’: எந்தக் கப்பல் உங்கள் கப்பல்?

வாசகர் ஒருவரின் கேள்வி: “1782-ல் சதுரங்கப்பட்டினத்துக் கடலில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த சண்டையை வைத்து நாவல் எழுதுகிறேன். ஆங்கிலேயர் பக்கம் ‘சீஹார்ஸ்’ என்ற ஃபிரிகேட் (வேகமான நடுத்தரப் போர்க்கப்பல்) இருந்ததாகப் படித்தேன். ஓரிடத்தில் 24 பீரங்கி என்கிறார்கள், இன்னோரிடத்தில் 38. பின்னாளில் புகழ்பெற்ற பிரிட்டிஷ் அட்மிரல் நெல்சன் அதில் வேலை பார்த்தார் என்றும் இருக்கிறது. அவரைக் கதைக்குள் கொண்டுவரலாமா? ஒரு குறிப்பிட்ட நாளில் கப்பல் எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?”

முதலில் நெல்சனை இறக்கிவிட்டுவிடுங்கள். 1782-ல் அவர் ‘ஆல்பமார்ல்’ என்ற கப்பலின் கேப்டனாக வட அமெரிக்கப் பக்கம் இருந்தார். ஆனாலும் நீங்கள் படித்தது பொய் இல்லை. 1773-ல், பதினைந்து வயதுப் பையனாக, அவர் சீஹார்ஸில் ஏறினார். ஜார்ஜ் ஃபார்மர் கேப்டன். 1774 மே மாதம் மதராஸ் வந்தார்கள். திருகோணமலைத் துறைமுகத்தையும் அந்தப் பயணத்தில்தான் பார்த்தார். கடைசியில் காய்ச்சலில் விழுந்து, 1776-ல் வேறு கப்பலில் ஊருக்கு அனுப்பப்பட்டார்.

குழப்பம் எங்கே வருகிறதென்றால், நெல்சன் வாழ்க்கையில் இரண்டு சீஹார்ஸ் உண்டு. உங்களுடையது 1748-ல் கடலில் இறக்கப்பட்டது. 24 பீரங்கி, பெரும்பாலும் 9 பவுண்டு குண்டு போடுபவை, சுமார் 160 ஆட்கள். 1784 இறுதியில் அதை விற்றுவிட்டார்கள். அப்புறம் 1794-ல் அதே பெயரில் புதிதாக ஒன்று வந்தது: 38 பீரங்கி, முக்கியமானவை 18 பவுண்டு. 1797-ல் டெனரீஃப் தீவில் நெல்சனின் வலது கை போன இரவில் அருகில் நின்றது இந்த இரண்டாவது கப்பல். சிகிச்சைக்கு அதில் ஏற அவர் மறுத்துவிட்டார். அதன் கேப்டன் ஃப்ரீமேன்டில் கரையில் என்ன ஆனார் என்று தெரியாத நிலையில், கப்பலிலிருந்த அவர் மனைவி முன்னால் இந்தக் கோலத்தில் போய் நிற்க மாட்டேன் என்றாராம். பிறகு ஊர் திரும்பியது என்னவோ அதே கப்பலில்தான்.

ஆக, பெயரை நம்பாதீர்கள், கடலில் இறக்கிய ஆண்டைப் பிடியுங்கள். பிரிட்டிஷ் கடற்படை பெயர்களைத் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதுபோல வைத்துக்கொண்டே போகும். போதாக்குறைக்கு 1816-ல் அயர்லாந்தின் டிராமோர் கடற்கரையில் 363 பேரைப் பலிகொண்டு மூழ்கிய ‘சீஹார்ஸ்’ ஒன்றும் உண்டு. அது படை ஏற்றிச் சென்ற வாடகைக் கப்பல். போர்க்கப்பலே அல்ல.

பீரங்கிக் கணக்கிலும் ஒரு சங்கதி. 24 என்பது கப்பலின் தரத்தைச் சொல்லும் எண். சட்டப்படி பார்த்தால் 28-க்குக் குறைந்தது ஃபிரிகேட் ஆகாது. மாலுமிகள் அதையெல்லாம் பார்க்கவில்லை, பேச்சில் ஃபிரிகேட் என்றே சொன்னார்கள். நாவலில் நீங்களும் சொல்லலாம். இரண்டாவது கப்பலிலோ, கரோனேட் என்ற குட்டை பீரங்கிகள் கணக்கில் சேராததால், 38 என்று எழுதினாலும் உண்மையில் 40-க்கு மேல் இருந்தன.

சரி, குறிப்பிட்ட நாளுக்கு வருவோம். லண்டனின் கியூ பகுதியில் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. கடற்படைத் தாள்களுக்கு அங்கே ‘ஏ.டி.எம்.’ வரிசை (பணம் எடுக்கும் இயந்திரம் இல்லை, கடற்படைத் தலைமையகமான அட்மிரால்டியின் சுருக்கம்). கேப்டனின் லாக் புத்தகம் (கப்பலின் தினக்குறிப்பு) வேண்டுமென்றால் வரிசை எண் 51, மாஸ்டர் எனப்படும் வழிசெலுத்தும் அதிகாரியுடையது 52, ஆட்களின் பெயர்ப் பட்டியலான மஸ்டர் ரோல் 36. லெப்டினென்ட்களின் லாக் கிரீன்விச் அருங்காட்சியகத்தில் தனியாக இருக்கிறது. எந்த எண்ணில் எந்தக் கப்பல், எந்த ஆண்டுகள் என்பதை வீட்டிலிருந்தே இணையப் பட்டியலில் தேடலாம். ஆனால் பெரும்பாலான லாக் பக்கங்கள் இணையத்தில் இல்லை. காசு கட்டி நகல் கேட்க வேண்டும், அல்லது அங்கிருக்கும் நண்பர் ஒருவரைக் கேமராவுடன் அனுப்ப வேண்டும்.

பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாக இருக்கும்: தேதி, காற்று, போன திசை, தூரம், அட்சரேகை, நண்பகலில் எந்தக் கரை எந்தப் பக்கம் எத்தனை லீக் (ஒரு லீக் மூன்று கடல் மைல்) தள்ளி. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். அந்தக் காலத்தில் கடலில் நாள் நண்பகலில் பிறக்கும், அதுவும் நம்முடைய தேதிக்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்னதாகவே. சதுரங்கப்பட்டினச் சண்டை 1782 பிப்ரவரி 17 பிற்பகலில் ஆரம்பித்து இருட்டும்வரை நடந்தது. லாக் புத்தகத்தில் 17-ஆம் தேதியில் தேடினால் அந்தச் சண்டையே இருக்காது. 18-ஐப் பாருங்கள். இந்த வழக்கம் 1805-ல்தான் ஒழிந்தது. துறைமுகத்தில் நிற்கும்போது சிலர் சாதாரணத் தேதியே போட்டார்கள் என்பதால், கப்பல் நங்கூரம் எடுத்த நாளைச் சுற்றி மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்.

மஸ்டர் ரோலில் ஒவ்வொரு ஆளின் பெயருக்கும் எதிரே சின்ன எழுத்துகள் இருக்கும். ‘டி’ (D) என்றால் வேறிடத்துக்கு அனுப்பப்பட்டவர், ‘ஆர்’ (R) என்றால் ஓடிப்போனவர், ‘டி டி’ (DD) என்றால் செத்துப்போனவர். நாவல் எழுதுபவருக்கு லாக் புத்தகத்தைவிட இதில்தான் தீனி அதிகம்.

சண்டைக்காட்சி எழுதும்போது ஒன்று. ஆங்கிலேயத் தளபதி எட்வர்ட் ஹியூஸின் பெரிய கப்பல்கள், பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனின் கப்பல் வரிசையோடு மோதியபோது, 24 பீரங்கிக் கப்பலுக்கு அந்த வரிசையில் இடமில்லை. வேவு பார்ப்பதும், கொடிச் சைகைகளைத் திருப்பிக் காட்டுவதும்தான் இப்படிப்பட்ட கப்பலின் வேலை. எனவே உங்கள் ஆள் அன்று பார்த்தது பெரும்பாலும் புகையைத்தான். சண்டைக்குப் பின் ஹியூஸ் பழுது பார்க்கத் திருகோணமலைக்குப் போனார்.

நெல்சன் இல்லையே என்று வருந்த வேண்டாம். அவரோடு 1773-ல் அதே கப்பலில் ஏறிய தாமஸ் ட்ரூப்ரிட்ஜ் என்ற பையன், 1782-ல் அதே சீஹார்ஸில் லெப்டினென்டாக நின்றார். பின்னாளில் அட்மிரல் ஆனார். 1807 ஜனவரியில் ‘பிளெனீம்’ என்ற பழைய கப்பலில் மதராஸிலிருந்து நன்னம்பிக்கை முனைக்குக் கிளம்பினார். கப்பல் போய்ச் சேரவே இல்லை.