எஞ்சின் மாத்தியாச்சு, செக் லைட்டு அணைய மாட்டேங்குது: கேளுங்க, சொல்றேன்

கம்பத்துல பட்டறை வச்சிருக்கேன். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு மேட்டுக்கு ஓடுற ஜீப்பு நெறைய நம்ம கைக்குத்தான் வரும். முன்னாடியெல்லாம் எஞ்சின் மாத்துறதுன்னா மவுண்டிங், கியர்பாக்ஸ், ரேடியேட்டர் ஓஸ், அவ்வளவுதான், சாயங்காலம் டெஸ்ட் ஓட்டிட்டு டீ குடிக்கலாம். இப்ப எஞ்சின எறக்கி உக்கார வச்சப்புறம்தான் வேலையே ஆரம்பிக்குது. இப்ப எஞ்சினுக்கு இசிஎம்னு ஒரு கம்ப்யூட்டர் பொட்டி இருக்கு, ஏதாவது சரியில்லேன்னா செக் லைட்ட எரிய விட்டு ஒரு கோடு நம்பரப் பதிஞ்சு வைக்கும், ஸ்கேனர் போட்டா அது தெரியும். கோடு நம்பரோட கேளுங்க, "லைட்டு எரியுதுண்ணே"ன்னு மட்டும் கேட்டா என்னத்தச் சொல்ல.

குமுளில இருந்து: அண்ணே, பழைய கமாண்டர் ஜீப்புல கம்ப்யூட்டர் வச்ச காமன் ரயில் டீசல் எஞ்சின் ஏத்துனோம். ஸ்கேனர் போட்டா 14 கோடு காட்டுது, எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல.

தம்பி, 14 கோடுன்னா 14 கோளாறு இல்ல. ஏத்தும்போது சாக்கெட்ட கழட்டிப் போட்டுட்டு நடுவுல யாராவது சாவி போட்டிருப்பீங்க, அப்பப் பதிஞ்சதே பாதி இருக்கும். எல்லாத்தையும் போட்டோ எடுத்துக்க, அழி, சாவிய மட்டும் ஆன் பண்ணி பாரு, உடனே திரும்பி வர்றது எதுவோ அதுதான் வேலை. அதுக்கும் முன்னாடி எர்த்து. மல்டிமீட்டர டிசி வோல்ட்டுல வச்சு ஒரு முனைய எஞ்சின் பிளாக்குல, இன்னொரு முனைய பேட்டரி நெகட்டிவ்ல வச்சு செல்ஃப் அடிக்கச் சொல்லு. 0.2, 0.3 வோல்ட்டுக்குள்ள இருந்தா சரி, அரை வோல்ட்ட தாண்டுச்சுன்னா எர்த்து பட்டைய மாத்தாம வேற எதையும் தொடாத. போன வருஷம் ஒரு ஜீப்பு வந்துச்சு, செல்ஃப் அடிச்சா கிளச் கேபிள்ல புகை வருது, எல்லாரும் கிளச்ச நோண்டிக்கிட்டு இருக்காங்க. பாத்தா எஞ்சின்ல இருந்து சேஸுக்குப் போற எர்த்து பட்டைய மாட்டவே இல்ல, அம்புட்டு கரண்டும் அந்தக் கேபிள் வழியா திரும்பிப் போயிருக்கு. பட்டைய மாட்டுனதும் ஒம்பது கோட்டுல ஏழு காணாமப் போச்சு.

நெடுங்கண்டத்துல இருந்து: பி0113, பி0118 ரெண்டும் வருது. ரெண்டு சென்சாரும் புதுசு வாங்கிப் போட்டாச்சு, அப்பவும் வருது சேட்டா.

காசு போச்சா! 0113 உள்ள போற காத்தோட சூடு, 0118 கூலன்ட் சூடு, ரெண்டுலயும் சிக்னல் வோல்டேஜ் உச்சத்துல நிக்குதுன்னு அர்த்தம். அதாவது லைன் எங்கயோ அந்துருக்கு, இல்ல சாக்கெட் பின்னு உள்ள போயிருச்சு. லைவ் டேட்டாவ பாருங்க, மைனஸ் 40 டிகிரின்னு காட்டும். மூணாறுல தை மாசம் புல்லுல உறைபனி விழுந்தாலும் மைனஸ் 40 வருமா? சாக்கெட்ட கழட்டி அந்த ரெண்டு பின்னையும் ஒரு சின்ன ஒயரால சேத்துப் பாருங்க. மைனஸ் 40ல இருந்து ஒரேடியா நூறு டிகிரிக்கு மேல ஏறுனா ஒயரிங்கும் இசிஎம்மும் நல்லாருக்கு, சென்சார்தான் போச்சு. ஏறலேன்னா ஒயரு. இது ரெண்டு ஒயரு சூடு சென்சாருக்கு மட்டும்தான், மூணு ஒயரு சென்சார்ல இப்படிச் சேத்துப்புட்டு அப்புறம் என்னைய திட்டாதீங்க. ரெண்டுக்கும் எர்த்து ஒரே எடத்துல சேர்ற வண்டியும் உண்டு, ஒன்னா வந்தா ஒரே காரணமான்னு மொதல்ல யோசிங்க.

உத்தமபாளையத்துல இருந்து: செல்ஃப் நல்லா சுத்துது, ஸ்டார்ட் ஆகல. பி0335.

கிராங்க் சென்சார் லைன், அதாவது எஞ்சின் சுத்துறத இசிஎம்முக்குச் சொல்றது. செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனர்ல ஆர்பிஎம் ஏறுதான்னு பாருங்க. பூஜ்யமா நின்னா ஒயரு, இல்ல சென்சாருக்கும் பல்லுச் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி. ஆர்பிஎம் தாறுமாறா குதிச்சா ஒரு கேள்வி கேக்கணும்: ஃப்ளைவீல் எந்த எஞ்சினோடது? நெறைய எஞ்சின்ல 60 பல்லுக்கு 2 பல்லு விட்டிருப்பான், இசிஎம் அந்த ஓட்டைய வச்சுத்தான் பிஸ்டன் எங்க இருக்குன்னு கணக்குப் போடுது. கியர்பாக்ஸுக்குப் பொருந்துதுன்னு வேற ஃப்ளைவீல மாட்டிருந்தீங்கன்னா எத்தனை சென்சார் மாத்துனாலும் ஓடாது, மறுபடி எறக்குறதத் தவிர வழியில்ல.

கட்டப்பனைல இருந்து: ஸ்டார்ட் ஆகுது, ரெண்டே செகண்டுல நின்னுருது. கோடே காட்டல.

பெரும்பாலும் இம்மொபிலைசர், அதாவது சரியான சாவி இல்லேன்னா எஞ்சின ஓட விடாத திருட்டுப் பூட்டு. எஞ்சினும் இசிஎம்மும் வாங்கிருப்பீங்க, அந்த வண்டியோட சாவிய வாங்கிருக்க மாட்டீங்க. பழைய எஞ்சின் வாங்கும்போது இசிஎம், சாவி, சாவிக் குழலச் சுத்தி இருக்குற வளையம், இம்மொபிலைசர் பொட்டி, எல்லாம் ஒரே வண்டியோட செட்டா கேட்டு வாங்கணும். சில வண்டில மீட்டர் போர்டும் சேத்து வேணும்.

லோயர் கேம்ப்ல இருந்து: சமவெளில நல்லா ஓடுது, மலை ஏறுனா இழுக்காம மடங்குது. பி0087. ரயில் யூனியன லூஸ் பண்ணி காத்து எடுத்துப் பாக்கவாண்ணே?

தொடவே தொடாத! பழைய எஞ்சின்ல ஓடும்போதே இன்ஜெக்டர் யூனியன லூஸ் பண்ணிப் பாத்த கை நம்ம கை, அந்தப் பழக்கத்த இதுல காட்டக்கூடாது. ரயிலுன்னா எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் குடுக்குற பொதுக் குழாய், அதுல ஆயிரம் பாருக்கு மேல அழுத்தம் நிக்கும், பல எஞ்சின்ல 1600. ஊசி மாதிரி பீச்சுற டீசல் தோலைக் கிழிச்சு உள்ள போயிரும், வெளிய ஒரு புள்ளிதான் தெரியும், உள்ள கை அழுகிரும். பட்டா உடனே ஆஸ்பத்திரி, வலிக்கலேன்னு வீட்டுல இருக்காத.

இப்ப கோடு: ரயில் பிரஷர் கேட்ட அளவுக்கு வரல. லோடு ஏறுறப்ப மட்டும்னா மொதல்ல தாழ்வழுத்தப் பக்கம், அதாவது டேங்குல இருந்து பம்ப்பு வரைக்கும் பாரு. பழைய ஜீப்பு டேங்க் துரு, உள்ள இருக்குற வலை, ஃபில்டர், உறிஞ்சுற பைப்புல காத்து. ஒரு சுத்தமான கேன்ல டீசல் ஊத்தி, அதுல இருந்து நேரா ஃபில்டருக்குக் குடுத்து, ரிட்டர்னையும் அதுலயே விட்டு, ஜாக்கிரதையா கட்டிக்கிட்டு ஓட்டிப் பாரு. கோடு வரலேன்னா டேங்கு. அப்பவும் வந்தா இன்ஜெக்டர் ரிட்டர்ன நாலு பாட்டில்ல பிடிச்சுப் பாக்கணும், ஒன்னு மட்டும் ரொம்ப ஊத்துனா அதுதான். பம்ப்ப கடைசியாத்தான் சந்தேகப்படணும், அதான் வெல கூட.

செங்கோட்டைல இருந்து: ஸ்கேனர் கனெக்டே ஆகல.

ஸ்கேனர் மாட்டுற 16 பின் சாக்கெட்டுல 16வது பின்னுக்கு பேட்டரி கரண்டு, 4, 5க்கு எர்த்து வருதான்னு பாருங்க. அப்புறம் பேட்டரிய கழட்டிட்டு 6க்கும் 14க்கும் நடுவுல ஓம் அளங்க, கேன் (CAN) லைன், அதாவது கம்ப்யூட்டர் பொட்டிங்க ஒன்னோடொன்னு பேசிக்கிற ஒயரு, உள்ள வண்டின்னா 60 பக்கம் வரணும். 120 வந்தா ஒரு பக்கம் அந்துருக்கு.

சின்னமனூர்ல இருந்து: பி0500 மட்டும் போகவே மாட்டேங்குது.

அது வண்டி ஸ்பீடு சிக்னல் வரலேங்குற கோடு. ஜீப்புல கேபிள் மீட்டருதானே? இசிஎம்முக்கு ஸ்பீடு எங்க இருந்து போகும்? கியர்பாக்ஸ்ல சென்சார் வச்சாத்தான் போகும்.

போடில இருந்து: செக் போஸ்ட்ல பிடிச்சா என்ன பண்றது?

பிடிச்சப்புறம் என்கிட்ட கேட்டு என்ன செய்ய. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, எஞ்சின் மாத்துனா ஆர்டிஓ ஆபிஸ்ல சொல்லி ஆர்சில புது நம்பர் ஏத்தணும். 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டு, கேரளா கேஸ் ஒன்னுலதான், கம்பெனி குடுத்த அமைப்புக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாதுன்னு சொல்லிருச்சு. அதே கம்பெனி அதே வகை எஞ்சின்னா பேப்பர் வேலையோட முடியும், வேற எஞ்சின்னா ஏத்துறதுக்கு முன்னாடியே ஆபிஸ்ல போய்க் கேட்டுருங்க. எஞ்சின் வாங்குன பில்லு முக்கியம், பில்லு இல்லாத எஞ்சின நான் பட்டறைக்குள்ளயே விடறதில்ல.

குமுளி தம்பி, எர்த்து பாத்துட்டு மிச்சம் எந்தக் கோடு நிக்குதுன்னு எழுது, நாளைக்கு ராத்திரி பாக்குறேன்.