ஊசிக்குப் பின் உடம்புக் கொதிப்பு

கேள்வி: அப்பாவுக்கு வயது 71. புரோஸ்டேட் புற்றுநோய்க்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை லூப்ரோலைடு ஊசி. நாளுக்கு ஏழெட்டு தடவை முகமும் மார்பும் திகுதிகுவென எரிந்து, சட்டை நனைய வேர்க்கிறது. சோயா பவுடர் குடித்தால் அடங்கும் என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: இந்த ஊசி டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை அடியோடு இறக்கிவிடும். அதில் மூளையின் வெப்பக் கட்டுப்பாடு தடுமாறி, இல்லாத சூட்டைத் தணிக்க வேர்வையைக் கொட்டுகிறது.

சோயாவை அமெரிக்காவில் இதற்கென்றே சோதித்தார்கள். 120 ஆண்கள், 12 வாரம், தினம் 20 கிராம் சோயாப் புரதம். மருந்தில்லாத போலிப் பொடியைவிட அது கொதிப்பைக் கூடுதலாகக் குறைக்கவில்லை. சோயாவுக்காகக் காசு செலவழிக்க வேண்டாம்.

நம்பிக்கை தருவது ஆக்சிபியூட்டினின். அடிக்கடி சிறுநீர் முட்டுவதற்குத் தரும் பழைய மாத்திரைதான். 88 ஆண்களுக்கு 6 வாரம் கொடுத்துப் பார்த்ததில், 5 மி.கி. இரு வேளை சாப்பிட்டவர்களுக்கு நாளுக்குச் சுமார் 7 தடவை குறைந்தது, 2.5 மி.கி. இரு வேளைக்குச் சுமார் 5. போலி மாத்திரைக்கே 2 குறைந்தது! யாரோ ஒருவருக்குக் குணமானது என்பதை வைத்து எதையும் வாங்கக் கூடாது என்பது இதனால்தான்.

அப்பாவுக்குச் சிறுநீர் அடைப்போ கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோயோ மறதியோ இருந்தால் இந்த மாத்திரை ஆபத்து. டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாய் வறளும், மலம் கட்டும். இந்த வயதில் 2.5 மி.கி.யில் தொடங்கலாமா என்று கேளுங்கள்.

மாத்திரைக்கு முந்தைய ஒரு வாரம், கொதிப்பு வந்த ஒவ்வொரு முறையும் நோட்டில் குறியுங்கள்: லேசு 1, நடுத்தரம் 2, கடுமை 3, தாங்க முடியாதது 4. தினமும் கூட்டுங்கள். தொடங்கிய பிறகும் அப்படியே. அந்த நாட்களில் வேறு புது மருந்தோ சத்துப் பொடியோ சேர்த்தால், எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

கேள்வி: இதே ஊசி போடுகிறேன். வைட்டமின் ஈ சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம். புரோஸ்டேட் புற்றுநோய் வராமல் தடுக்குமா என்று 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் பார்த்த சோதனையில், தினம் 400 ஐ.யூ. (வைட்டமின் அளவுக்கான அலகு) வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்கு அந்த நோய் 17 சதவீதம் கூடியது. உங்களுக்கு வேண்டியது எலும்புப் பாதுகாப்பு. ஊசி எலும்பைக் கரைக்கும். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துவிட்டு, உணவோடு சேர்த்து நாளுக்கு 1,000 முதல் 1,200 மி.கி. கால்சியம் கிடைக்கிறதா என்று கணக்குப் பாருங்கள்.